முப்பத்தைந்து டிகிரி

சங்கவிக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து நான்கு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள். நிரம்பியிருக்கும் பாட்டிலில் இன்னும் என்னத்தை நிரப்புவது? ஆனாலும் போனாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். நாற்காலியின் உயரத்தை ஏற்றினாள், இறக்கினாள். பக்கத்து மேசை ஆகாஷ் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அக்கா, அந்த நாற்காலி ஒடஞ்சா கலை சார் உங்க தலையிலதான் கட்டுவாரு" என்றான்.

நெல்லித்தோப்பில் ஒரு தையல் கடைக்கு மேலே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரான்ஸிலேயே குடியேறிவிட்ட சொல்தா ஒருவருடைய வீட்டு மாடியில் நடக்கிற கேம் கம்பெனி அது. மொத்தம் ஒன்பது பேர். மேலே என்ன வேலை நடக்கிறது என்று கீழே இருக்கும் தையல்காரருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நாள் முழுக்க விளையாடுகிற பிள்ளைகளுக்கு எவனோ புத்தி கெட்டுப்போய்ச் சம்பளம் கொடுக்கிறான் என்பது அவருடைய தீர்மானம். சங்கவிக்கு அங்கே பிசிக்ஸ் வேலை. கேமுக்குள் ஒரு பொருள் விழுந்தால் எப்படி விழ வேண்டும், உருண்டால் எங்கே நிற்க வேண்டும், தண்ணீரில் போட்டால் மிதக்குமா மூழ்குமா என்பதையெல்லாம் கணக்காக எழுதிக் கொடுப்பவள் அவள். கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த 'முகத்துவாரம்' என்ற கேமின் கடல் முழுக்க அவள் எழுதியது.

அவளைத் தவிர வேறு யாராலும் அதை எழுதியிருக்க முடியாது என்று முதலாளி கலைவாணன் போகிற இடமெல்லாம் சொல்லுவார். அதில் பொய்யும் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டில் பிறந்து வளர்ந்தவள். ஃபைபர் படகு ஒன்றை மீன்களோடு கடலிலிருந்து முகத்துவாரம் வழியாகத் துறைமுகத்துக்குள் கொண்டுவர வேண்டும், அல்லது உள்ளேயிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். நடுவில் மணல் திட்டு. திட்டின் மேல் உடைகிற அலை. கேம் வந்த புதிதில் அவள் அம்மா ஜெயம் மீன் ஏலத்துக்கு நடுவே போனைத் தூக்கிப் பிடித்து, "எம் பொண்ணு செஞ்ச கடலு, பாருங்கடி" என்று நாலு பேரிடம் காட்டாத நாளில்லை. இருபது வருஷம் படகு ஓட்டிய கொளஞ்சி மாமா ஆடிப் பார்த்துவிட்டு, "நம்ம மொவத்துவாரமேதாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

இப்போது அதே வார்த்தைதான் அவளைக் குத்தியது.

முந்தின நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அண்ணன் ராஜவேல் சொன்னான்: "வெள்ளிக்கிழம வெள்ளோட்டத்துல நானே ஓட்டப் போறேன். கொளஞ்சி மாமா சும்மா உக்காந்துனு வரட்டும்."

புதுப்படகு முதல்முதலாக முகத்துவாரத்தைத் தாண்டும்போது இஞ்சின் கைப்பிடியில் படகுக்காரனுடைய கை இருக்க வேண்டும் என்பது அவர்கள் தெருவில் ஒரு முறை. ஓட்டத் தெரியாதவன் ஒப்புக்குக் கையை வைப்பான், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவார். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் வந்ததில்லை. ராஜவேலுக்குத்தான் அந்த ஒப்பு போதவில்லை. அப்பா இருந்தவரை அவனைக் கடல் பக்கம் விடவில்லை. பத்தாவது முடித்த கையோடு சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். பதினாறு வருஷம் வாளிக்குக் கைப்பிடி மாட்டினான். போன பொங்கலோடு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். முப்பத்திரண்டு வயதில் படகு வாங்கியவனைத் துறைமுகத்தில் "வாளிக்காரன் வந்துட்டான்டா" என்று கிண்டல் செய்தார்கள். அந்த வாயையெல்லாம் ஒரே ஓட்டத்தில் அடைத்துவிட வேண்டும் என்பது அவன் வெறி.

"ஓட்டத் தெரியுமாண்ணா உனக்கு?" என்று கேட்டாள் சங்கவி.

"என்னா இப்டி கேக்குற? ஒன் கேம்ல நானூத்திப் பன்னெண்டு தடவ தாண்டியிருக்கேன். ஒரு தடவ கவுந்திருக்கேனா, கேளு? நீ எழுதுன கடலு, ஒனக்கே நம்பிக்க இல்லயா?"

அம்மா சிரித்தாள். சங்கவி மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

விஷயம் இதுதான். கேம் வெளிவந்த முதல் மாதம் படகு கவிழ்ந்தது. நிஜத்தில் எப்படிக் கவிழுமோ அப்படியே, பக்கவாட்டில் அலை வாங்கினால் தலைகுப்புறக் கவிழ்ந்தது. ஆடுகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை கவிழ்ந்ததும் கேமையே அழித்துவிட்டுப் போனார்கள். கலைவாணன் வந்து, "கொஞ்சம் கருணை காட்டுங்க சங்கவி, ஆளுங்க ஓடுறாங்க" என்றார். என்ன செய்கிறாய் எப்படிச் செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. படகு முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு விசை அதைப் பிடித்து நிமிர்த்துகிற மாதிரி ஆறு வரி எழுதினாள். ஆங்கில எழுத்தில் அதற்குத் 'தாங்கு' என்று பெயர் வைத்தாள். சர்வரில் ஒன்று என்று போட்டால் அந்த விசை இருக்கும். பூஜ்யம் என்று போட்டால் இருக்காது. இரண்டு வருஷமாக அது ஒன்றாகவே இருந்தது. கேம் பிய்த்துக்கொண்டு ஓடியது. விளம்பரத்தில் 'நிஜக் கடல்' என்று போட்டார்கள். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மதியம் அவளால் தாங்க முடியவில்லை. அண்ணனுடைய கணக்கைத் திறந்து, அந்த விசை எத்தனை தடவை வேலை செய்திருக்கிறது என்று பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்று எண்பத்தொன்பது தடவை. கொளஞ்சி மாமாவின் கணக்கையும் பார்த்தாள். அறுபத்தொரு தடவை தாண்டியிருந்தார். தாங்கு ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை. மனிதர் படகை அந்த அளவுக்குச் சாயவே விட்டதில்லை. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிய வழியில்லை. தெரியாமல்தான் நம்ம முகத்துவாரமேதான் என்று சொல்லியிருக்கிறார்.

போன மாதம்தான் பக்கத்துத் தெரு மண்ணாங்கட்டி அதே திட்டில் கவிழ்ந்தார். வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்த மனிதர். படகின் விளிம்பு இடுப்பில் விழுந்து இன்னும் எழுந்து உட்காரவில்லை.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் சொன்னால் அம்மா ஏலத்தில் காட்டிய கடல் பொய்க்கடல் என்று ஆகும். விஷயம் கம்பெனிவரை வந்தால் வெள்ளிக்கிழமை காரியம் கெடும். பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி கேமை வாங்க வருகிறது, அதே வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. வாங்குவதற்குக் காரணமே அந்த நிஜக் கடல்தான். இத்தனையும் யோசித்துவிட்டு, படித்த பெண்கள் செய்கிற கெட்டிக்காரத்தனத்தைச் செய்தாள். அண்ணனுடைய கணக்குக்கு மட்டும் தாங்கைப் பூஜ்யமாக்கினாள். கவிழட்டும், நாலு தடவை கவிழ்ந்தால் தானாகப் பயம் வரும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

மறுநாள் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்தாள். அவன் ஆடுவதைக் கண்ணால் பார்க்காமல் அவளுக்கு ஆகாது. ராஜவேல் வாசலில் உட்கார்ந்து ஆடினான். கவிழ்ந்தது. முகத்தைச் சுளித்தான். மறுபடி ஆடினான், மறுபடி கவிழ்ந்தது. மூன்றாவது தடவை போனைத் தொடையில் தட்டிப் பார்த்தான்.

"சனியன், டச்சு ஸ்கிரீனு போச்சு" என்றான். "நேத்து மீன் கூடையில விழுந்துச்சு, அதான்."

"டச்சு இல்லண்ணா, ஒருவேள அலைய நீ…"

"எம்மா, ஒன் போனக் குடு!"

ஜெயத்தின் போனில் தாங்கு ஒன்றாகவே இருந்தது. படகு சாய்ந்தது, நிமிர்ந்தது, ஜோராக உள்ளே வந்து நின்றது. ராஜவேல் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். "பாத்தியா? போனுதான் கவுந்துச்சு, நான் கவுறல." இப்போது அவனுடைய நம்பிக்கை முன்னைவிட ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? "கேம் வேற கடல் வேறண்ணா" என்று மட்டும் சொன்னாள். அதையும் சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பயந்தாங்கொள்ளி" என்றான் அவன் அன்பாக. "நாளைக்கு பத்தரைக்கு ராகு காலம். பத்தேகால்குள்ள தாண்டிடுவேன். நீ வேணா ஆபீஸ்லயே இரு, வீடியோ அனுப்பச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை அவள் ஆபீஸில்தான் இருந்தாள். இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. மேசைக்கு அடியில் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த சத்யப்பிரியா நாற்பது வயதுக்காரர், திண்டிவனத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது, அலட்டல் இல்லாதவர். சுவரில் பெரிய திரையில் கேமைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டுக் கலைவாணன் பக்கத்தில் நின்றார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களைக் கவனிக்கிற மாமாவைப் போலத் தண்ணீர், பிஸ்கட், மறுபடி தண்ணீர் என்று உபசாரம் தூள் பறந்தது.

சத்யப்பிரியா வேண்டுமென்றே தப்பாக ஓட்டிப் பார்த்தார். அலைக்குக் குறுக்கே படகைத் திருப்பினார். படகு சாய்ந்தது, நிமிர்ந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி நிமிர்ந்தது.

"இது கவிழவே கவிழாதா?" என்று கேட்டார்.

"உங்க ஓட்டம் அப்படி மேடம்!" என்றார் கலைவாணன் சிரித்துக்கொண்டே.

"உங்களக் கேக்கல சார், எழுதினவங்களக் கேக்கறேன்."

மணி ஒன்பது நாற்பத்தைந்து. சங்கவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், கலைவாணனைப் பார்த்தாள், திரையில் நிமிர்ந்து நின்ற படகைப் பார்த்தாள். இரண்டு நாளாக அடைத்துக்கொண்டிருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"கவிழும் மேடம். நான்தான் கவிழ விடாம பிடிச்சிருக்கேன். முப்பத்தஞ்சு டிகிரி தாண்டினா தூக்கி நிறுத்துற மாதிரி எழுதி வச்சிருக்கேன். கலை சாருக்குத் தெரியாது. கேமுன்னா இப்படி உதவி வைக்கிறது வழக்கந்தான், ஆனா நிஜக் கடல்னு சொன்னது தப்பு."

கலைவாணன் கையில் பிஸ்கட் தட்டோடு அப்படியே நின்றார். சங்கவி உட்காரவில்லை. நின்றபடியே லேப்டாப்பைத் திறந்து, எல்லோருக்கும் சேர்த்துத் தாங்கைப் பூஜ்யமாக்கினாள். "என்ன பண்றீங்க? சங்கவி, என்ன பண்றீங்க?" என்று கலைவாணன் கேட்டது மாடிப்படிவரை கேட்டது. அவள் ஸ்கூட்டியைக் கிளப்பியபோது தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்னாம்மா, ஆட்டம் முடிஞ்சிதா?" என்றார்.

துறைமுகத்தில் படகு தயாராக இருந்தது. மூக்கில் மாலை, மஞ்சள், குங்குமம். பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடந்தது. கற்பூரம் அணைந்துவிட்டிருந்தது. வெள்ளைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு ராஜவேல் இஞ்சின் கைப்பிடியில் கை வைத்திருந்தான். கரையில் முப்பது நாற்பது பேர். தூரத்தில் திட்டின் மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. மணி பத்தாகப் போகிறது.

"அண்ணா, எறங்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

"என்னாடி இது, நல்ல காரியத்துல?" என்றாள் ஜெயம்.

"எறங்கிட்டு உன் போன எடு. ஒரே ஒரு தடவ ஆடு. அப்பறம் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எம் போனுதான் டச்சு போச்சே."

"அம்மா போன எடு. யாரு போன வேணா எடு."

கூட்டத்துக்கு இது வேடிக்கையாகிவிட்டது. யாரோ, "ஆடிக் காட்டு வாளிக்காரா!" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதும், ராஜவேல் கரைக்குத் தாவி அம்மாவின் போனை வாங்கினான். நாற்பது பேர் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். திட்டு வந்தது, அலை வந்தது, படகு சாய்ந்தது. நிமிரவில்லை. சிரிப்பு எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆடினான். மறுபடியும் படகின் வயிறுதான் மேலே தெரிந்தது.

"இந்தப் போனையும் என்னமோ பண்ணிட்டா" என்றான்.

"கொளஞ்சி மாமா, அதே போன்ல நீங்க ஆடுங்க" என்றாள் சங்கவி.

கொளஞ்சி படகிலிருந்தபடியே கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். அவசரமே இல்லாமல் ஆடினார். இரண்டு அலையைப் போகவிட்டார், மூன்றாவதன் முதுகோடு சேர்ந்து வெளியே போனார். படகு தாண்டியது. போனைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சங்கவி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னாள். "ரெண்டு வருஷமா கேமுக்குள்ள ஒரு விசை வச்சிருந்தேன். ரொம்ப சாஞ்சா அது தூக்கி நிறுத்தும். மாமாவுக்கு அது தேவப்படவே இல்ல. உனக்கு முந்நூத்தி எம்பத்தொம்போது தடவ தேவப்பட்டிச்சி. இன்னிக்கு காலையிலதான் எடுத்தேன்."

ராஜவேலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் செத்துப்போயிற்று. அவளோடு தனியாக இருப்பது போல மெதுவாகக் கேட்டான்: "அப்ப நான் ஓட்டவே இல்லியா?"

"ஓட்டுனது நீதாண்ணா. நிமுத்துனது நான்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல? இத்தினி பேரு முன்னாடி…"

"சொல்லியிருக்கணும். எனக்கு அவமானமா இருந்திச்சி. அதான் சொல்லல. தப்புதான்."

அதற்கு மேல் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகளைத் திட்டுவதா மகனைத் தேற்றுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் செய்த கடலைப் பற்றி இனிமேல் ஏலத்தில் என்ன சொல்லுவது என்ற கவலையும் அந்த முகத்தில் இருந்தது.

கொளஞ்சி வானத்தைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மாப்ள, மணி பத்து அஞ்சு. போறதுன்னா இப்ப போவணும்."

ராஜவேல் கொஞ்ச நேரம் திட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வீட்டுக்கே போய்விடுவான் என்றுதான் சங்கவி நினைத்தாள். போகவில்லை. படகில் ஏறினான். கைப்பிடியில் கையை வைத்தான். பிறகு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பக்கத்துப் பலகையைத் தட்டினான்.

"உக்காரு மாமா. ஒங் கையையும் மேல வையி."

இஞ்சின் உறுமியது. சங்கவி கரையோரக் கல் மேல் ஏறி நின்றாள். பையில் போன் அதிர்ந்தது, கலைவாணன். நின்றது, மறுபடி அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. படகு திட்டை நெருங்கி ஒரு அலையைப் போகவிட்டது. இரண்டாவதையும் போகவிட்டது. மூன்றாவது அலை நினைத்ததைவிடச் சீக்கிரம் உடைந்து பக்கவாட்டில் மோதியது. படகு சாய்ந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை திரையில் பார்த்த சாய்வு. இருபது, இருபத்தைந்து, முப்பது என்று அவள் கண் தானாக அளந்தது. மூக்கில் கட்டிய மாலை அறுந்து தண்ணீரில் விழுந்தது. இரண்டு ஆள் உருவங்கள் ஒரே பக்கம் சரிந்து கைப்பிடியை இழுத்தன.

"தாங்கு" என்றாள் சங்கவி. சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

படகு மெதுவாக நிமிர்ந்தது. அடுத்த அலையின் மேல் மூக்கைத் தூக்கியது, தாண்டியது. கரையில் விசில் பறந்தது. ஜெயம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அதற்குள் கேமுக்கு 'படகு கவுறுது, வேஸ்ட்' என்று இருநூறு பேருக்கு மேல் எழுதிவிட்டதாக ஆகாஷ் செய்தி அனுப்பியிருந்தான். கூடவே, 'அந்த மேடம் இன்னும் போகல, கவுத்துக் கவுத்து ஆடிட்டு இருக்காங்க' என்றும் ஒரு வரி. வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நினைத்தால் பயமாகத்தான் இருந்தது.

ராஜவேல் தொப்பலாக நனைந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நேராக அவளிடம் வந்தான். அடிப்பானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வலது கையை அவள் முன்னால் நீட்டினான். கொளஞ்சி மாமாவின் ஐந்து விரலும் புறங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"எத்தினி டிகிரி போச்சி?" என்று கேட்டான்.

"முப்பத்திரண்டு இருக்கும்ணா."

அவன் தலையை ஆட்டினான். "நான் கவுற பக்கந்தான் திருப்புனேன் பாப்பா. மாமாதான் இந்தப் பக்கம் இழுத்தாரு."